மூன்று தடவை வேண்டாம் என்ற வீடு

சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறிச் சிங்கப்பூர்த் துறையில் வந்து நின்ற மனைவியைப் பார்த்ததும் நூர்தீனின் முகம் வெளுத்துப்போனது. சந்தோஷத்தில் அப்படி ஆகிவிட்டது என்று கடையாட்கள் சொன்னார்கள். மைமூனும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். ஆனால் பதினேழு வருஷமாக அந்த முகத்தோடு குடித்தனம் செய்தவள் அவள். குடித்தனம் என்றால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மூன்று மாசம். இருந்தாலும் சந்தோஷம் எது, மாட்டிக்கொண்ட முழி எது என்று அவளுக்குத் தெரியாதா?

அதிராம்பட்டினத்துப் பெண்கள் கடல் தாண்டுவதில்லை. தாண்ட வேண்டிய அவசியமும் இல்லை. வீடு அவர்களுடையது. பெண் குழந்தை பிறந்தால் தகப்பன் அவளுக்கென்று ஒரு வீடு கட்டியாக வேண்டும். கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு வருவார். பிறகு பிழைப்புக்காகப் பினாங்கோ சிங்கப்பூரோ போய்விடுவார். பெண் தன் வீட்டில் ராணி மாதிரி இருப்பாள்.

மைமூனின் மகள் ஜைனபுக்குப் பதினைந்து வயது. அவளுக்கென்று எழும்பிய வீடு ஜன்னல் உயரத்தில் நின்றுபோய், சுவரில் ஆடு ஏறி நிற்கிறது. மைமூனின் வாப்பா அஹமது கபீர் சிங்கப்பூரில் நடத்திவந்த துணிக்கடை, நாலு வருஷத்துக்கு முன் அவர் அங்கேயே காலமான பிறகு மருமகன் நூர்தீனின் கைக்கு வந்திருந்தது. கடை நன்றாக நடக்கிறது என்று வருகிறவர் போகிறவர் எல்லாரும் சொன்னார்கள். அப்படியானால் சுவர் ஏன் நின்றது? மனிதர் ஏன் இவ்வளவு காலமாக ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை? இந்த இரண்டு கேள்விகளையும் முந்தானையில் முடிந்துகொண்டு, வியாபாரமாகச் சிங்கப்பூர் கிளம்பிய தன் மாமாவின் துணையில், ஜைனபையும் இழுத்துக்கொண்டு அவள் கப்பல் ஏறியிருந்தாள்.

மாமா வரும் திங்கட்கிழமைக் கப்பலில் நாகப்பட்டினம் திரும்புகிறார். அவரோடு போய்விடுவதா, கணவரை நம்பி இங்கே இருப்பதா என்று அதற்குள் அவள் முடிவுசெய்தாக வேண்டும். கொண்டுவந்த பெட்டிகளை அவள் இன்னும் பிரிக்கவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை.

இருப்பதென்றால் எங்கே இருப்பது? அரபுத் தெருவில் கடைக்கு மேல் இருந்த மாடியில் கடையாட்கள் படுத்துவந்தார்கள். மைமூன் வந்ததும் அவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள். இப்போது கடை வாசலில், இங்கே அஞ்சடி என்கிறார்களே அந்த நடைபாதையில் படுக்கிறார்கள். மழைக்காலம் வேறு தொடங்கிவிட்டது. ஒவ்வொரு நாளும் சாரலில் நனைந்த பாய்கள் மாடிப்படிக் கைப்பிடியில் காய்வதைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. அதனால்தான் நூர்தீனும் அவளும் ஒரு வாரமாக வீடு தேடி அலைந்தார்கள்.

இன்று காலை தரகர் துரைசாமி காட்டியது ரோச்சோர் கால்வாய்க்கரையில் ஒரு மாடி. துரைசாமி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது என்றாலும், பிறந்தது முதல் இங்கேயே இருந்தவர் மாதிரி வார்த்தைக்கு வார்த்தை 'லா' போட்டுப் பேசுவார்.

"நல்ல காத்தோட்டம்மா. ஜன்னலைத் திறந்தா தண்ணி தெரியும் லா."

ஜன்னலைத் திறந்தார்கள். தண்ணீர் தெரிந்தது. அதன் நாற்றமும் கூடவே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. மாடியைப் பலகை வைத்து ஐந்து அறையாகத் தடுத்திருந்தார்கள். நான்கில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். பலகை இடுக்கில் ஒரு கண் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

மைமூன் தன் வெள்ளைத் துப்பட்டியை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். "இங்க ஒரு வயசுப் புள்ளையை வச்சுக்கிட்டு எப்படி மச்சான் இருக்கிறது?"

"இந்த ஊர்ல எல்லாம் இப்படித்தான் மைமூன்" என்றார் நூர்தீன்.

"எல்லாம் இப்படி இல்லீங்க" என்று துரைசாமி தொண்டையைச் செருமினார். "நான் சொன்னேனே, கம்போங் கபூர் சந்துல ஒரு வீடு. கீழே வீட்டுக்காரங்க இருக்காங்க, மாடி முழுசும் காலி. சொந்தக் கிணறு. பொம்பளைங்க போக வரத் தனி வழிகூட…"

"அந்தப் பேச்சே வேண்டாம்னு சொன்னேன்ல துரைசாமி!"

நூர்தீன் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. பலகைக்கு அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்த குழந்தைகூடச் சட்டென்று நிறுத்தியது.

"அக்கம்பக்கம் சரியில்லை. பக்கத்து வீட்டுல சூதாட்டம்" என்று குரலைத் தணித்துக்கொண்டார்.

மைமூன் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். துரைசாமி கம்போங் கபூர் வீட்டைப் பற்றி முதல் தடவை சொன்னபோது, கிணற்றுத் தண்ணீர் உப்பு என்றார் நூர்தீன். இரண்டாம் தடவை, பின்னால் எருமைக் கொட்டில், நாற்றம் தாங்காது என்றார். இப்போது சூதாட்டம். ஒரு வீட்டுக்கு ஒரு குறை இருக்கலாம், மூன்றும்கூட இருக்கலாம். ஆனால் மனிதர் கேட்கக் கேட்கப் புதிது புதிதாகச் சொல்கிறாரே! அந்த வீட்டைப் போய்ப் பார்த்ததே இல்லை என்றும் அவரே சொல்லியிருந்தார். பார்க்காத வீட்டுக் கிணற்றில் தண்ணீர் உப்பா இனிப்பா என்று இவருக்கு எப்படித் தெரியும்?

திரும்பும்போது மூடிய குதிரைவண்டி சிராங்கூன் ரோடு வழியாக வந்தது. எருமைகளை ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் வண்டிக்கு வழிவிட மறுத்தார்கள். ஒரு சந்து முனையில் வண்டி நின்றே விட்டது. நூர்தீன் எட்டி, இடது பக்கத்து மறைப்பை மளமளவென்று இறக்கினார்.

"வெயில் அடிக்குது" என்றார்.

வெயில் வலது பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. ஜைனப் உம்மாவைப் பார்த்தாள். உம்மா மடியில் இருந்த தன் கையைப் பார்த்தாள்.

இந்த ஊருக்கு வந்து இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொண்ட நம்மூர் ஆண்களின் கதைகள் மைமூனுக்குப் புதிதல்ல. நாலு வீடு தள்ளி ஒருத்தி, எதிர்ச்சாரியில் ஒருத்தி என்று ஊரில் எத்தனையோ பேர் மூக்கைச் சிந்திக்கொண்டு கிடக்கிறார்கள். நம் வீட்டுக்கு அது வராது என்று இருந்தாள். வாப்பாவின் கடையில், வாப்பாவின் கண் முன்னாலேயே வளர்ந்தவர் நூர்தீன். வாப்பாவோ, பாயும் தலையணையுமாகக் கடை மாடியிலேயே ஆயுசைக் கழித்தவர். அப்படிப்பட்ட மனிதர் பொறுக்கி எடுத்த மாப்பிள்ளை இவர்!

வாப்பா போனபிறகு இவரைக் கேட்க ஆள் இல்லை. அதுதான் சமாசாரம்.

கடையில் இறங்கியதும் நூர்தீன் குளித்து, வெள்ளை உடுத்தி, ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பினார். மைமூன் அடுப்படியில் எட்டிப் பார்த்தாள். கடைச் சமையல்காரர் மீனை அரிந்துகொண்டிருந்தார்.

"இவ்வளவுதானா மீன்? முதலாளி தொழுதுட்டுப் பசியோட வருவாங்களே."

"வெள்ளிக்கிழமை முதலாளி இங்க சாப்பிட மாட்டாங்களேம்மா. தெரியாதா?" என்று அவர் வெள்ளந்தியாகக் கேட்டார்.

"தெரியும், தெரியும். மறந்துட்டேன்" என்றாள் மைமூன். போன வெள்ளிக்கிழமை தன்னிடம் கடையிலேயே சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னாரே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்கு இது நேரமில்லை. துப்பட்டியை எடுத்தாள்.

"எங்க உம்மா கிளம்பிட்டீங்க?" என்று ஜைனப் வழியை மறித்தாள்.

"வீடு பாக்க."

"வீட்டையா, ஆளையா?"

"வாயை மூடிக்கிட்டு நீயும் வா."

துரைசாமி அஞ்சடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கம்போங் கபூர் என்று சொன்னதும் வெற்றிலையை அவசரமாக விழுங்கப் பார்த்தார்.

"முதலாளி திட்டுவாங்கம்மா."

"குடியிருக்கப் போறது நான். பிடிச்சா பேசுவோம், இல்லேன்னா திரும்பிடுவோம். அவங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை."

"அதுவும் சரிதான் லா" என்று அவர் வண்டியைக் கூப்பிட ஓடினார். இந்தத் துரைசாமி ஏன் அந்த ஒரே வீட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் என்பதும் அவளுக்கு இடித்தது. இவரையும் யாரோ ஏவிவிட்டிருக்கிறார்கள். இந்த ஊரில் கட்டின கணவரையே நம்ப முடியவில்லை. தரகரை எங்கே நம்புவது?

வண்டியில் ஜைனப் மெதுவாகக் கேட்டாள். "அங்க வாப்பா இருந்தா என்ன செய்வீங்க?"

"ஒரு வார்த்தை பேச மாட்டேன். திங்கட்கிழமை உன் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கப்பல் ஏறிடுவேன். அதுக்கப்புறம் அவங்க யாரோ, நாம யாரோ."

உம்மா சொன்னால் செய்கிறவள் என்று ஜைனபுக்குத் தெரியும். அவள் வாப்பாவை எத்தனை முறை பார்த்திருக்கிறாள் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். இப்போதுதான் அவரோடு இரண்டு வார்த்தை பேசப் பழகியிருந்தாள்.

வண்டி அதே சந்தில் திரும்பியது. காலையில் மறைப்பை இறக்கினாரே, அதே சந்துதான்.

வீடு அழகாகத்தான் இருந்தது. பக்கத்தில் சூதாட்டம் எதுவும் இல்லை. ஒரு தையற்காரர் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். எருமைக் கொட்டில் எங்கோ தெரு தாண்டி இருந்தது. மைமூன் நேரே கிணற்றடிக்குப் போய், வாளியில் இறைத்து ஒரு கை அள்ளிக் குடித்தாள்.

"எப்படிம்மா?" என்றார் துரைசாமி.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். கற்கண்டு மாதிரி இருந்தது.

"இப்படி வாங்க. வீட்டுக்காரங்க உள்ளே இருக்காங்க. நீங்க இந்தப் பக்கமா வந்தா கூடத்துல யாரு இருந்தாலும் கண்ணுல படாமப் போயிடலாம்."

வீட்டின் பக்கவாட்டில் ஒடுக்கமாக ஒரு நடை போயிற்று. வாசலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தாலும், பெண்கள் அந்த நடை வழியாக நேரே அடுப்படிக்குப் போய்விடலாம். பாதி தூரம் நடந்த பிறகுதான் மைமூனுக்கு உறைத்தது. ஒரு வாரமாக எத்தனை வீடு பார்த்தாள்! சீனர் கட்டிய வீடு, செட்டியார் வாங்கிய வீடு, மலாய்க்காரர் பலகை வீடு. எதிலும் இந்த வழி இல்லை. கண்ணைக் கட்டி விட்டாலும் அவளால் இதில் நடந்துபோக முடியும். அதிராம்பட்டினத்தில் அவளுடைய வீட்டில் இருப்பது இதே வழிதான்.

"இதை யாரு கட்டினது துரைசாமி?"

"உங்க பக்கத்துக்காரர்தான்மா. ஜவுளி வியாபாரி. பார்த்துப் பார்த்துக் கட்டினாராம். இப்போ காலமாயிட்டாரு. அஹமது கபீர்னு பேரு."

அது மைமூனின் வாப்பாவுடைய பெயர்.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். வாப்பா கட்டிய வீடே இங்கே இருக்கும்போது எதற்காக வாடகைக்கு அலைந்தோம் என்று கணவரைப் பிடித்து உலுக்கியிருப்பார்கள். மைமூனால் அப்படி நினைக்க முடியவில்லை. அவள் ஊர் ஆண்பிள்ளை தனக்கென்று வீடு கட்டிக்கொள்ள மாட்டார். பிறந்தது முதல் உம்மாவின் வீடு, கல்யாணமானால் மனைவியின் வீடு, பிழைக்க வந்த ஊரில் கடை மாடியில் ஒரு பாய். இது போதும் அவருக்கு. அப்படிப்பட்டவர் செங்கல் வாங்கினார் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

"உங்க வாப்பாவா உம்மா?" என்று ஜைனப் கேட்டாள். பிறகு அவளும் அந்த ஊர்க்காரிதானே, குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்டாள். "யாருக்காகக் கட்டினாங்க?"

அடுப்படி வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். சரோங்கும் நீளச் சட்டையும் போட்டு, தலையில் துணி சுற்றியிருந்தாள். உடுப்பு இந்த ஊருடையது. நடுவில் சேர்ந்திருந்த அந்தப் புருவம் இந்த ஊருடையது இல்லை. அதை மைமூன் தினமும் கண்ணாடியில் பார்க்கிறாள்.

"வாங்க ராத்தா" என்றாள் அவள். "நான் ரபியா. நீங்க வந்து இறங்கின நாள்லேர்ந்து வாசலைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

மைமூன் மனதில் முதலில் வந்தது ஆறுதல். ஆமாம், ஆறுதல்தான். இவள் தங்கை. அக்காளைக் கட்டியிருக்கிறவன் தங்கையைக் கட்ட மார்க்கத்தில் இடமில்லை. நூர்தீன் தப்பு செய்யவில்லை! அந்த நினைப்பு வந்து ஒரு மூச்சு விட்டபிறகுதான், தப்பு செய்தது யார் என்பது வந்தது. வாப்பாவின் பாயும் தலையணையும் நினைவுக்கு வந்தன. வாப்பாவைவிடக் கணவருக்காகத் தன் மனம் முதலில் தவித்ததே என்று வெட்கமாகவும் இருந்தது.

"துரைசாமியைத் திரும்பத் திரும்ப அனுப்பினது நீதானா?"

"நான்தான். மாடியை உங்களுக்குன்னுதான் காலியா வச்சிருக்கேன். மச்சான்கிட்ட சொன்னா, கூடாது, கூடாதுங்கிறாங்க. வேற என்ன செய்யட்டும்?" அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. "உங்களைப் பாக்கணும்னு ஆசை. அவ்வளவுதான்."

துரைசாமி ஒன்றும் புரியாமல், இரண்டு பேர் புருவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தரகருக்கே உரிய புத்தியோடு, வண்டிக்காரனைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி நழுவினார்.

கூடத்தில் பாய் விரித்தார்கள். ரபியாவின் உம்மா போன வருஷம் காலமாகிவிட்டாள் என்றும், துணைக்கு அந்த உம்மாவின் தங்கை இருக்கிறாள் என்றும் தெரிந்தது. அந்தம்மா அடுப்படியில் சாமான்களை உருட்டிக்கொண்டிருந்தாள். வெளியே வரப் பயம் போலிருக்கிறது.

வாசலில் சலாம் கேட்டது. நூர்தீனின் குரல்.

அவர் உள்ளே வரவில்லை. அஞ்சடியிலேயே நின்று, அடுப்படியிலிருந்து அந்தம்மா பதில் சொன்னபிறகுதான் செருப்பைக் கழற்றினார். அதையும் மைமூன் கவனித்தாள். கவனிக்காமல் விடுகிற நிலையில் அவள் இல்லை. தலையைக் குனிந்து கூடத்துக்குள் வந்தவர், பாயில் உட்கார்ந்திருந்த மனைவியையும் மகளையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கப்பல் துறையில் வெளுத்ததே, அதே வெளுப்பு.

"உக்காருங்க" என்றாள் மைமூன். "கிணத்துத் தண்ணி குடிச்சேன். உப்பே இல்லையே?"

நூர்தீன் உட்கார்ந்தார்.

"உங்க வாப்பா மவுத்தாகிற அன்னைக்கு என் கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கினாங்க மைமூன். இவங்களைப் பார்த்துக்கணும், மைமூன் காதுக்குப் போகக்கூடாதுன்னு. நான் என்ன செய்வேன்?"

"நான் உங்களை என்னன்னு நினைச்சேன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா? மூணு பெட்டியும் கட்டினபடி கெடக்குது. திங்கட்கிழமை நான் போயிருப்பேன். உங்க மவளையும் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன்!"

"உனக்குத் தெரிஞ்சா ஊர்ல உங்க உம்மாவுக்குத் தெரியும். அந்த மனுஷி இத்தனை வருஷமா உங்க வாப்பாவை எப்படி நினைச்சு இருக்காங்க? கேட்டா நெஞ்சு வெடிச்சுடாதா? அதுக்காகத்தான் வாப்பா சத்தியம் கேட்டாங்கன்னு நினைச்சேன். நீ என்னைத் தப்பா நினைச்சா நினைச்சுட்டுப் போன்னு விட்டுட்டேன்."

மைமூனுக்கு அவரை அறையலாம் போலவும், அவர் தோளில் சாய்ந்து அழலாம் போலவும் இருந்தது. மகளும் அந்நியப் பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்ததால் இரண்டையும் செய்யவில்லை.

"ஜைனப் வீடு ஏன் நின்னுச்சு?" என்றாள். அதுவும் தெரிந்தாக வேண்டும்.

நூர்தீன் ரபியாவின் பக்கம் திரும்பாமல் சொன்னார். "இவங்க உம்மா ஒரு வருஷம் படுத்த படுக்கை. வைத்தியம் பார்க்க வேண்டியிருந்துச்சு. ஊருக்கு அனுப்ப வேண்டியது இங்க நின்னுபோச்சு."

"எனக்குத் தெரியாது" என்று ரபியா பதறினாள். "அல்லா மேல ஆணையா, எனக்குத் தெரியாது ராத்தா. கடையில வாப்பா பங்குப் பணம்னுதான் மச்சான் சொன்னாங்க."

தன் சுவர் நின்றுபோன இடத்தைத் தினமும் பார்த்து வளர்ந்தவள் ஜைனப். ரபியாவைப் பார்த்து அவளால் சிரிக்கவும் முடியவில்லை, முறைக்கவும் முடியவில்லை. கடைசியில் எழுந்து போய், அடுப்படியில் நின்றுகொண்டிருந்த அந்தம்மாவிடமிருந்து சோற்றுத் தட்டை வாங்கிக்கொண்டு வந்து வாப்பாவின் முன்னால் வைத்தாள். நூர்தீனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சரி. நடந்தது நடந்துபோச்சு" என்று அவர் கையால் கண்ணைத் துடைத்தார். "உங்க உம்மாவுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம் மைமூன். அந்த ஒரு ஜீவனாவது நிம்மதியா இருக்கட்டும்."

"யாருக்குத் தெரிய வேண்டாம்?" என்று ரபியா நிமிர்ந்தாள்.

"இவங்க உம்மாவுக்கு."

"பெரியும்மாவுக்கா?" ரபியா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவர்கள் தன்னோடு விளையாடுகிறார்களோ என்று அவளுக்குச் சந்தேகம். "அவங்களுக்குத் தெரியுமே மச்சான்."

ரபியா முன்வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

"நீங்க வந்த வழியில வாசக்கால் இருக்கே, அது இங்க செஞ்சது இல்ல. இந்த வீடு எழும்பறப்போ உங்க ஊர்லேர்ந்து கப்பல்ல வந்துச்சு. வாப்பா கேட்கவே இல்லையாம். கொண்டுவந்த ஆளு, 'வீட்டுக்கார அம்மா அனுப்பினாங்க. பொண்ணு வீட்டுக்கு வைக்கச் சொன்னாங்க'ன்னு இறக்கிட்டுப் போயிட்டான். வாப்பா அன்னைக்குப் பூரா அதுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாங்கன்னு எங்க உம்மா சொல்லும். கடைசி வரைக்கும் அதைப் பத்தி ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கிடலையாம்."

நூர்தீன் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. நாலு வருஷமாகக் கட்டிக் காத்த சத்தியம் அவருடையது. மனைவி தன்னைத் திருடன் என்று நினைத்தாலும் பரவாயில்லை என்று அவர் யாருக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாரோ, அந்த அம்மாவுக்கு எல்லாம் முன்னாலேயே தெரியும். கடைக்குத் தெரியும், இந்தச் சந்துக்குத் தெரியும், ஊரில் உம்மாவுக்குத் தெரியும். தெரியாமல் வைக்கப்பட்டவள் மைமூன் ஒருத்திதான்.

மைமூன் எழுந்து வாசலுக்குப் போனாள். தேக்கு வாசற்கால். இரண்டு பக்கமும் தாமரைக்கொடி ஏறி, மேலே ஒரு மொட்டில் முடிந்திருந்தது. அவள் வீட்டு வாசலிலும் இதே கொடி, இதே ஆசாரி. தன் வீட்டுக்கு ஆசாரி உட்கார்ந்து செதுக்கியபோது உம்மா பக்கத்தில் நின்று மோர் கொடுத்ததை அவள் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். இதைச் செதுக்கியபோதும் நின்று மோர் கொடுத்திருப்பாளா? அழுதுகொண்டே கொடுத்திருப்பாளா? அன்று ராத்திரி மகளுக்கு எப்படிச் சிரித்த முகத்தோடு சோறு போட்டாள்? கணவரை நம்பலாம் என்று தெரிந்துகொண்ட அதே வேளையில், உலகத்தில் தன்னிடம் மறைக்க ஒன்றுமே இல்லாதவள் என்று அவள் நினைத்திருந்த பெற்ற உம்மா அவளுக்குப் புரியாதவளாகிப் போனாள். அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில், உம்மாவின் மடியில் தலை வைத்து அழ வேண்டும் போல இருந்தது.

திரும்பி வந்தபோது அவள் கண் காய்ந்திருந்தது.

"ரபியா, மாடிக்கு வாடகை உண்டு. சும்மா இருக்க மாட்டோம்."

"ராத்தா…"

"அப்படின்னாதான் வருவோம். நாளைக்குச் சாமான் வரும். தெருவே பார்க்கிற மாதிரி பட்டப்பகல்ல வரும்."

ஜைனப் நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ திங்கட்கிழமை?"

"நாம போகலை. மாமா மட்டும் போறாங்க." மைமூன் நூர்தீனின் பக்கம் திரும்பினாள். "மாமாகிட்ட சொல்லி அனுப்புங்க மச்சான். அடுத்த கப்பல்ல எங்க உம்மாவை அழைச்சுக்கிட்டு வரச் சொல்லுங்க."

"என்ன மைமூன் பேசுறே?" நூர்தீன் பதறிப்போனார். "இந்த வயசுல அவங்களைப் போய்க் கடல் தாண்டச் சொல்றதா? அவங்களுக்கு என்ன தெரியும்?"

"வாசக்காலைக் கப்பல் ஏத்தி அனுப்பத் தெரிஞ்சவங்களுக்கு" என்றாள் மைமூன், "தானும் ஏறி வரத் தெரியாதா?"